கழுவிவிட்டு வந்த கால்கள்

பெரிய வியாழனன்று எங்கள் கோயிலில் பங்குச் சாமியாரிடம் கால் கழுவிக்கொள்ள உட்காரும் பன்னிரண்டு ஆண்களும், வீட்டிலேயே நன்றாகக் கால் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். சும்மா கழுவுவதில்லை. சோப்பு, பிரஷ், நகவெட்டி, சிலர் பவுடர்கூட. இயேசு தம் சீடர்களின் புழுதிக் கால்களைக் கழுவியதன் நினைவாக நடக்கிற சடங்கில் புழுதி பேருக்குக்கூட இருக்காது. சாமியார் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவார், துண்டால் ஒற்றி எடுப்பார், குனிந்து முத்தம் கொடுப்பார். பன்னிரண்டு பேரும் முடிந்த பிறகு அந்தத் தாம்பாளத்துத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். எடுத்துக் குடிக்கலாம்.

இருபது வருடங்களாக இதைப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவந்தேன். ஒருநாளும் வேடிக்கையாகப் படவில்லை. என் புருஷனின் கால் அந்த வரிசைக்கு வரும்வரை படவேயில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் மற்றவர்களைத் திட்டப்போகிறேன், என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? பெண்களுக்கு அங்கே ஏன் ஒரு நாற்காலிகூட இல்லை என்பது வேறு சண்டை. அதை இன்னொரு நாள் போடுவேன்.

நெய்வேலியில் ஒரு ஆளைப் பற்றி முதலில் கேட்பது பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்றுதான். பெயரெல்லாம் அப்புறம். என் வீட்டுக்காரர் கான்ட்ராக்ட். சுரங்கத்துக்குள் ஊறிக்கொண்டே இருக்கிற தண்ணீரை இறைக்கும் பம்ப் பக்கம் அவருக்கு வேலை. ஷிப்ட் முழுக்க முழங்கால் வரை கம்பூட் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் நிற்பார். கம்பூட்டுக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அந்தத் தண்ணீரிலேயே கால் ஊற வேண்டியதுதான். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். குதிகாலில் தீக்குச்சி நுழைகிற அளவுக்குப் பித்தவெடிப்பு. இரண்டு கட்டைவிரல்களிலும் நகம் விழுந்து, முளைத்து, மறுபடி கறுத்துவிட்டது.

அந்தக் கால்களை அவர் யாருக்கும் காட்ட மாட்டார். கோயிலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் வேட்டியை இழுத்துவிட்டு உட்காருவார். மகளைத் திருச்சியில் நர்சிங் சேர்க்கப் போனபோது, ஹாஸ்டலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் பெட்டியப் பாத்துக்கறேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். மகள் தங்கப்போகிற அறையை அவர் இன்றுவரை பார்த்ததில்லை.

எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற குழுவுக்குத்தான் அன்பியம் என்று பேர். பெரிய வியாழனுக்கு ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒரு ஆள். பதினோரு அன்பியம் டவுன்ஷிப் பிளாக்குகளில், கம்பெனி குவார்ட்டர்ஸ்காரர்கள், பர்மனென்ட். டவுன்ஷிப் வாசல் ஆர்ச்சுக்கு வெளியே வாடகை வீடுகளில் இருக்கிற நாங்கள் பன்னிரண்டாவது. எங்கள் ஆண்களுக்கு ஷிப்ட் சரிப்படாது என்று இத்தனை வருடமும் எங்கள் நாற்காலியிலும் ஒரு குவார்ட்டர்ஸ்காரரே உட்கார்ந்துவந்தார். இந்த வருடம் சீட்டுப் போடலாம் என்று நான்தான் சண்டை பிடித்தேன். சீட்டு எடுத்தோம். என் வீட்டுக்காரர் பேரே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மட்டும் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

மகளிடம் போனில் சொன்னேன். "ஐயோ அப்பாவா! யூடியூப் லைவ்ல வரும்ல? எங்க ரூம் பசங்க எல்லாரையும் உக்கார வச்சுக் காட்டுவேன்" என்று குதித்தாள். அதைக் கேட்டபிறகுதான் அவர், "சரி, போறேன்" என்றார். மகள் பார்க்கப்போகிறாள். அதற்காக, இருபது வருடமாக மறைத்துவைத்த காலைச் சபை நடுவில் நீட்டத் துணிந்தார். விஷயம் இவ்வளவுதான். இதைக் கெடுக்கத்தான் ஒரு மனிதர் கிளம்பி வந்தார்.

அவர் எங்கள் பங்குப் பேரவையின் செயலாளர். ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயில் வேலை எதுவானாலும் முன்னால் நிற்பார். ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் பெரிய பாடுபட்ட சுரூபத்துக்கு, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் மரச்சிலைக்கு, புது வண்ணம் அடிக்க வைத்தவரும் அவரே. வடலூரிலிருந்து வந்த பெயிண்டர் பக்கத்தில் நாள் முழுக்க நின்று, "காயம் தத்ரூபமா இருக்கணும்பா, பாத்தாலே மனசு உருகணும்" என்று சொல்லிச் சொல்லி அடிக்க வைத்தார். நான் கோயில் பெருக்கிக்கொண்டிருந்தேன். என் காதாலேயே கேட்டேன்.

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் தையல் மிஷினில் இருந்தேன்.

"டீச்சர், ஒரு சின்ன விஷயம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பதால் கோயிலில் எனக்கு அந்தப் பெயர்.

"சொல்லுங்க சார்."

"அண்ணனுக்குக் கால்ல ஏதோ புண்ணுன்னு சொன்னாங்க."

"சேத்துப்புண்ணு சார். பம்ப்கிட்ட நிக்கிற எல்லாருக்கும் இருக்கும்."

"அதான். ஃபாதர் முத்தம் குடுக்கணும் பாருங்க. அவருக்கு ஏற்கெனவே சுகர். இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சுன்னா நமக்குத்தான் சங்கடம்."

"ஃபாதர் சொன்னாரா சார்?"

"அவர் எப்படிம்மா சொல்வாரு? நாமதான் பாத்து நடந்துக்கணும். லைவ் வேற போகுது. நம்ம பங்குப் பசங்க ஃபாரின்லேர்ந்து எல்லாம் பாக்கறாங்க. குளோசப்ல காட்டும்போது..." மீதியை மென்று முழுங்கினார். "அண்ணன் காணிக்கைப் பவனியில ரொட்டித் தட்டு தூக்கிட்டு வரட்டும். அது இன்னும் கவுரவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், மனுசன் கடவுளோட சாயல்னு நான் வாராவாரம் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கறேன். புஸ்தகம் வாங்கிக் குடுத்ததே நீங்கதான்" என்றேன்.

அவர் அசரவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "யாரு டீச்சர் இல்லேன்னா? சாயல் ஆன்மாவுல இருக்கு. கால்ல இல்லையே."

அது என் பாடம். அப்படியே என் வார்த்தை. போன வருடம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "டீச்சர், நாம கடவுள் மாதிரின்னா கடவுளுக்குக் கால் இருக்குமா?" என்று கேட்டாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்துவிட்டு, புத்தகத்தில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்தேன்: சாயல் உடம்பில் இல்லை, ஆன்மாவில் இருக்கிறது. யோசிக்கிறோம், நேசிக்கிறோம், நல்லது கெட்டதைத் தேர்ந்தெடுக்கிறோம் அல்லவா, அதுதான் சாயல். செயலாளரின் பேத்தியும் அந்த வகுப்பில் இருந்தாள். வீட்டில் போய் ஒப்பித்திருப்பாள். நான் கொடுத்த கத்தியைத் துடைத்து என்னிடமே நீட்டினார் மனிதர்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? "அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லி, டீ வேறு போட்டுக் கொடுத்து அனுப்பினேன். தூ!

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் அவர்மேல் இருக்கிற ஆத்திரத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது. வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காலைச் சரிபண்ண உட்கார்ந்தேன். நாலு நாள் இருக்கிறதே, காலை அழகாக்கிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும் என்று ஒரு வீம்பு. வெந்நீரில் கல்லுப்பு போட்டு ஊறவைத்தேன். கல்லால் தேய்த்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். மெழுகுவர்த்தித் துண்டைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி வெடிப்புக்குள் விட்டேன். மெடிக்கலில் ஒரு களிம்பும் வாங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்த மனுஷனைச் சாப்பிடக்கூட விடாமல் காலை நீட்டச் சொன்னேன். தினமும் அவர் வேலைக்குப் போய்த் திரும்புவார், நான் பூசியதெல்லாம் சேற்றோடு போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து தேய்ப்பேன்.

புதன்கிழமை வலி பொறுக்காமல் காலை இழுத்துக்கொண்டார். "ஏம்மே, உனக்கு இன்னா ஆச்சு? சாமி கழுவத்தான போறாரு? அதுக்குள்ள நீ எதுக்குக் கழுவிகினு இருக்க?"

அழுகை வந்துவிட்டது. செயலாளர் வந்துபோனதைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. களிம்பை மூடி ஜன்னலில் வைத்தார். "பாப்பா பாக்கறேன்னு சொல்லிருக்குது. நான் போறேன்" என்றார்.

வியாழக்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு விட்டால் குளித்துச் சாப்பிட்டு ஆறு மணிப் பூசைக்கு நிதானமாக வரலாம் என்று கணக்கு. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. மாற்று ஆள் வராமல் பம்ப்பை விட்டுவிட்டு வர முடியாது. நான் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கோயில் கேட்டில் நின்றேன். ஐந்தேகால், ஐந்தரை. பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். பளபளவென்று பதினோரு ஜோடிக் கால். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சைக்கிளில் வந்தார். மாற்று ஆள் வந்து சேர்ந்ததும் சுரங்கத்திலிருந்து நேராக. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் வேட்டி மாற்றிக்கொண்டார். கம்பூட்டிலிருந்து காலை உருவினார். காலையிலிருந்து தண்ணீரில் ஊறி, நனைந்த அப்பளம் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. விரல் இடுக்கில் கரும்பழுப்புச் சேறு. நான் செய்த நாலு நாள் வைத்தியத்தின் சுவடுகூட இல்லை. கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்தேன்.

"வேணாம்" என்றார்.

"ஏங்க, எல்லாரும் பாப்பாங்க!"

"பாக்கட்டும். கழுவறேன்னுதான கூப்பிட்டாங்க? கழுவட்டும்."

அதற்குள் செயலாளர் ஓடி வந்தார். காலைப் பார்த்தார். முகம் போன போக்கு! "அண்ணே, தண்ணி இருக்கு, சட்டுனு கொஞ்சம்..." என்று குழாயைத் திறந்தேவிட்டார்.

"சாமி கழுவுவாரு சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் உள்ளே நடந்தார். வெள்ளை டைல்ஸ் தரையில் அடி அடியாகத் தடம் விழுந்தது. கடைசித் தூணைத் தாண்டினார். ஆண்கள் பக்கம் முழுவதையும் தாண்டினார். பன்னிரண்டாவது நாற்காலியில் போய் உட்கார்ந்து வேட்டியை முழங்கால் வரை மடக்கிக்கொண்டார். நான் குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன்.

பிரசங்கம் முடிந்து சாமியார் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பதினோரு பேரும் வழக்கம்போலத்தான். ஒரு சொம்பு, ஒரு ஒற்று, ஒரு முத்தம். பன்னிரண்டாவது ஆளிடம் வந்து மண்டியிட்டார். தண்ணீர் ஊற்றினார். தாம்பாளம் நிறம் மாறியது. சாமியாரின் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். இவர் தலையை ஆட்டினார். சாமியார் இன்னொரு சொம்பு கேட்டு வாங்கினார், அதற்குப் பின் இன்னொன்று. விரல் விரலாகப் பிரித்துக் கழுவினார். அன்றைக்குத்தான் அந்தக் கோயிலில் முதல் முறையாக ஒரு கால் கழுவப்பட்டது, என்னைக் கேட்டால். துண்டு அழுக்காயிற்று. குனிந்து, அந்தக் கறுத்த நகத்தின் மேல், புண்ணுக்குப் பக்கத்தில் முத்தம் கொடுத்தார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். தூணோரம் கேமராக்காரர் பக்கத்தில் செயலாளர் நின்றிருந்தார். கேமராக்காரரின் தோளைத் தட்டி, பீடத்துப் பக்கம் கை காட்டினார். நான் அதற்கு ஒரு அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை. என் கண் முழுக்க அந்தத் தாம்பாளத்தில்தான் இருந்தது.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் மகள் போன் பண்ணினாள். குரலே சரியில்லை. "அம்மா, அப்பா வரலையா? எல்லாரையும் கூட்டி உக்கார வச்சிருந்தேன். பதினோரு பேர்தான் வந்தாங்க."

"ஏன்டி, வந்தாருடி! நான் கண்ணால பாத்தேன்!"

போனை ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுக்காரர் போனில் அந்த வீடியோவை வைத்தோம். ஒவ்வொரு காலும் திரை நிறைய வந்தது. முதல் கால், இரண்டாவது கால், வரிசையாகப் பதினொன்று. சாமியார் நகர்ந்து பன்னிரண்டாவது நாற்காலிக்கு முன் மண்டியிடுகிறார். அவ்வளவுதான். கேமரா மேலே ஏறிவிட்டது. பீடத்துக்குப் பக்கத்தில், புனித வாரத்தில் வழக்கமாகத் துணி போட்டு மூடிவைக்கிற பாடுபட்ட சுரூபம், பெயிண்ட் காயட்டும் என்று இந்த வருடம் திறந்திருந்தது. கேமரா அதன் காலில் போய் நின்றது. ஆணி அடித்த காலில். பாடகர் குழு பாடிக்கொண்டே இருக்கிறது. சாமியார் என் புருஷனின் காலை விரல் விரலாகக் கழுவிய நேரம் முழுக்க, உலகத்துக்கு மரக்காலைத்தான் காட்டியிருக்கிறார்கள். பெயிண்டரின் சிவப்பு, காயத்திலிருந்து சொட்டு சொட்டாக இறங்கியிருந்தது. தத்ரூபம்தான்.

வீட்டுக்காரர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "நல்லா அடிச்சிருக்கான் பெயிண்ட்டு" என்றார். பிறகு மகளிடம், "நான் போயிருந்தேன் பாப்பா. வலிக்குதான்னு கேட்டாரு சாமி. இல்லேன்னு சொன்னேன்" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அவர் ரெண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். கான்ட்ராக்டுக்குப் பெரிய வெள்ளி கிடையாது.

நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கொதித்தேன். சாயல் ஆன்மாவில் இருக்கிறதாம். எவ்வளவு வசதி! ஆன்மாவைக் கழுவ வேண்டாம், களிம்பு வாங்க வேண்டாம், கேமராவில் அது தெரியாது. கடவுளின் சாயலைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பத்திரமாகப் பூட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற மனுஷனைக் குழாயடியில் நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா? ஆன்மா மட்டும் போதும் என்றால் கடவுள் எதற்காக உடம்பு எடுத்து வந்தார்? தெருத்தெருவாக நடந்து, புழுதிபட்டு, ஆணி வாங்கி, எதற்கு? அந்தச் சின்னப் பெண் கேட்டது சரியான கேள்வி. நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். சொன்னது மட்டுமா, நாலு நாள் கல்லை வைத்துத் தேய்த்து அந்தச் சாயலை அழிக்கவும் பார்த்தேன்.

மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போனேன். பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தின் காலை முத்தி செய்வோம். சனம் முழுக்க வரிசையில் வந்து, மண்டியிட்டு, அந்தக் காலை முத்தமிடும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆண்கள் வரிசையில் செயலாளர் வெள்ளைச் சட்டையில் கண்ணை மூடி ஜெபித்தபடி நகர்ந்துகொண்டிருந்தார். நான் நேராகப் போய் அவருக்குப் பின்னால் நின்றேன். "டீச்சர், பெண்கள் வரிசை அந்தப் பக்கம்" என்று யாரோ சொன்னார்கள். நான் அசையவில்லை.

அவர் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். மண்டியிட்டார். இரண்டு கையாலும் அந்த மரப் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். உதட்டைக் கொண்டுபோனார்.

"பாத்து சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அந்தக் கால்ல புண்ணு இருக்கு."